தொட்டித் தண்ணில பாசியா? எந்தப் பாசின்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க

மாடில அல்லி தாமரைன்னு தொட்டி வச்சிருக்கவங்க, தோட்டத்துல சின்னதா சிமெண்ட் குளம் கட்டி கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் விட்டிருக்கவங்க எல்லாரும் மார்ச் மாசம் வெயில் ஏற ஆரம்பிச்சதும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், தண்ணி பச்சையாயிடுச்சு என்ன ஊத்தணும். ஊத்தறதெல்லாம் அப்புறம். எந்தப் பாசின்னு தெரியாம எதையும் ஊத்தாதீங்க, ஏன்னா ஒரு பாசிக்கு செய்ற வைத்தியம் இன்னொண்ணுக்கு வேலையே செய்யாது, சில நேரம் பாசி அப்படியே இருக்கும் மீன் மட்டும் செத்துப் போயிடும்.

ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு குச்சியும் எடுத்துக்கோங்க. டம்ளர்ல தண்ணி மோந்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, குச்சிய உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி வெளிய எடுங்க. டம்ளர் தண்ணியே பச்சையா இருந்து குச்சில ஒண்ணும் ஒட்டலைன்னா மிதக்கற நுண்பாசி. தண்ணி தெளிவா இருந்து குச்சில நூல் நூலா சுத்திக்கிட்டு வந்தா நூல் பாசி. குச்சி மேல பச்சை பெயிண்ட் பூசின மாதிரி அப்பிக்கிட்டு வந்தா அது நீலப்பச்சைப் பாசி, அங்க மட்டும் கைய வெறுமனே விடாதீங்க. டம்ளர்ல பாத்தா டீ டிக்காஷன் கலர், ஆனா தெளிவு, அப்படின்னா அது பாசியே இல்ல.

இன்னொண்ணு, உங்க குளம் எத்தனை லிட்டர்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. நீளம், அகலம், ஆழம் மூணையும் அடில அளந்து பெருக்கி 28ஆல பெருக்கினா லிட்டர் கணக்கு வந்துரும். 6 அடி நீளம் 4 அடி அகலம் 2 அடி ஆழம்னா கிட்டத்தட்ட 1350 லிட்டர். பம்ப் வாங்கறதுலருந்து மருந்து அளவு வரைக்கும் எல்லாத்துக்கும் இது வேணும், குத்துமதிப்பா போட்டுத்தான் நிறைய பேர் மீனைப் பறிகொடுக்கறாங்க.

தண்ணியே பச்சையா இருக்கு, கைய விட்டா விரல் தெரியல

இதுதான் அதிகமா வர்ற பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல் உள்ள பாசி, குளோரெல்லா மாதிரி வகைங்க, கோடிக்கணக்குல தண்ணில மிதக்குது. உடனே எல்லாரும் செய்றது என்னன்னா மொத்தத் தண்ணியையும் இறைச்சுக் கொட்டி, தொட்டிய பிரஷ் போட்டுத் தேய்ச்சு, புதுத் தண்ணி பிடிக்கறது. ரெண்டு நாள் பளிச்சுன்னு இருக்கும், அடுத்த வாரம் முன்ன விட பச்சையாயிடும். ஏன்னா கழிவைச் சிதைக்கற நல்ல பாக்டீரியா எல்லாம் சுவர்லயும் கூழாங்கல்லுலயும் வேர்லயும்தான் ஒட்டியிருக்கும், அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க, மண்ணுல இருக்கற சத்து அப்படியே இருக்கு, வெயிலும் அப்படியே இருக்கு, போட்டிக்கு ஆளில்லாத தண்ணில முதல்ல வர்றது பாசிதான்.

பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். இதுல எது உங்க தொட்டில அளவுக்கு மீறி இருக்குன்னு கண்டுபிடிக்கணும். தாமரைத் தொட்டின்னா நான் முதல்ல கேக்கறது உரம் என்ன போட்டீங்கன்னுதான். பத்துல ஏழெட்டு தொட்டில பதில் அங்கயே கிடைச்சுரும். டிஏபி உரத்துல நைட்ரஜன் 18 சதவீதம், பாஸ்பேட் 46 சதவீதம். அதை ஒரு பிடி எடுத்து தண்ணிக்கு மேலாகத் தூவினா செடி எடுக்கறதுக்கு முன்னாடி பாசி எடுத்துக்கும். மண்புழு உரத்தை மேலாகக் கொட்டினாலும் அதே கதைதான், கூடவே மிதக்கவும் செய்யும். உரத்தை களிமண்ணுக்குள்ள வச்சு உருண்டை பிடிச்சு, நிழல்ல காயவச்சு, கிழங்குக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுக்குள்ள ஆழமா அமுக்கி விடணும். மேல ரெண்டு அங்குலம் கழுவின ஆத்து மணலோ சின்ன கூழாங்கல்லோ பரப்பிட்டா மண்ணுலருந்து சத்து மேல கசியறது நல்லாவே குறையும். கிழங்கு வச்சு முதல் இலை தண்ணிக்கு மேல வர்ற வரைக்கும் உரமே வேண்டாம், அந்த சமயத்துல அதுக்கு உறிஞ்ச வேரே இருக்காது.

மீன் இருந்தா அடுத்த கேள்வி தீனி. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு, நாளைக்கு ஒரு தடவை, வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒண்ணும் ஆகாது. குழந்தைங்க ஆசைக்கு போடறது, பாட்டி சோத்தைப் போடறது, பொரி போடறது எல்லாம் கடைசில பாசிக்குத்தான் போகுது.

வெளிச்சம் விஷயத்துல தாமரைக்காரங்களுக்கு சங்கடம் இருக்கு. தாமரைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும், நிழல் கட்டினா பூ வராது. அதனால இலை வந்து மூடற வரைக்கும் மட்டும் 50 சதவீத ஷேட் நெட்டை மத்தியான வெயில் படற பக்கமா கட்டுங்க, இல்ல மிதக்கற செடி கொஞ்சம் விட்டு வைங்க. தண்ணி மேல்பரப்புல பாதிக்கு மேல இலை மூடிட்டா பச்சைத் தண்ணி தானா தெளிய ஆரம்பிக்கும், இதை நம்பிப் பொறுமையா இருங்க. ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மாதிரி தண்ணிக்குள்ளயே வளர்ற செடி ரெண்டு கொத்து போட்டா பாசியோட சாப்பாட்டைப் பிடுங்கித் திங்கும். சிமெண்ட் குளம்னா கரையோரம் கல்வாழை வைங்க, வேர் மட்டும் தண்ணில இருக்கற மாதிரி. சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்றதுக்கே வைக்கிற செடி அது, உங்க குளத்து நைட்ரேட் எல்லாம் அதுக்கு ஒரு வாய்க்குக் காணாது.

யூவி ஃபில்டர், அதாவது புற ஊதா லைட் எரியற குழாய் வழியா தண்ணிய ஓட விடற ஃபில்டர், வாங்கலாமான்னு கேட்டா, பெரிய குளம், மீன் நிறைய, காசு இருக்குன்னா வாங்குங்க. பச்சைத் தண்ணிக்கு மட்டும் அது நிஜமாவே வேலை செய்யும், பாசி செல் அந்தக் குழாய் வழியா போகும்போது அடிபட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஃபில்டர்ல மாட்டும். ஆனா சத்தைக் குறைக்காது, லைட்டை அணைச்சா திரும்ப வரும். நீல வெளிச்சம் எரியுதுன்னு நம்பி விட்டுடாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பல்பை மாத்தணும், யூவி குறைஞ்சு போனது கண்ணுக்குத் தெரியாது. போர் தண்ணின்னா உள்ள இருக்கற கண்ணாடிக் குழாய்ல உப்பு படிஞ்சு வெளிச்சத்தையே மறைச்சுரும், அதையும் துடைக்கணும்.

ஒண்ணு சொல்லிடறேன், பச்சைத் தண்ணி மீனுக்கு கெடுதி இல்ல. கெண்டை வளக்கற பண்ணைல அந்தப் பச்சை வரணும்னே சாணியும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுவாங்க. கப்பி குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. முழங்கை வரைக்கும் கைய விட்டா உள்ளங்கை மங்கலாவாவது தெரியுதுன்னா பயப்படவே வேண்டாம். மணிக்கட்டுலயே கை மறைஞ்சு போச்சுன்னாதான் வேலையில இறங்கணும், காரணத்தை அடுத்த பகுதில சொல்றேன்.

காலைல மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து மூடுது, பகல்ல நல்லா இருக்கு

இதை தயவுசெஞ்சு சாதாரணமா எடுத்துக்காதீங்க. பகல்ல பாசி ஆக்சிஜன் விடுது, ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்குது. மீனும் இழுக்குது, அடியில மக்கற இலையும் இழுக்குது. அதனால விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணில ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்கும். 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரி ஆயிட்டா ஏழரைதான், நம்ம ஊர் மே மாசத் தொட்டில அதுவும் இருக்காது. காலைல அஞ்சரைக்கு டார்ச் அடிச்சுப் பாருங்க, கப்பி எல்லாம் ஓரத்துல ஒதுங்கி மூக்கு மட்டும் தண்ணி மேல்பரப்பைத் தொடற மாதிரி சாஞ்சு நிக்கும், தட்டினாலும் கீழ போகாது. எட்டு மணிக்குப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்திக்கிட்டிருக்கும், அதனாலதான் நிறைய பேர் இதைக் கவனிக்கறதே இல்ல.

ராத்திரில ஏர் பம்ப் ஓடணும், பகல்ல நிறுத்தினாலும் பரவால்ல. நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, பகல்ல அழகுக்கு ஃபவுண்டன் போட்டுட்டு தூங்கப் போகும்போது நிறுத்திடறாங்க. கரண்ட் போற ஏரியான்னா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க. மேகமூட்டமா ரெண்டு மூணு நாள் இருந்தா கூடுதல் கவனம் வேணும், வெயில் இல்லாம பாசி மொத்தமா செத்து விழும். பச்சையா இருந்த தண்ணி ஒரே ராத்திரில சாம்பல் கலராவோ பழுப்பாவோ மாறி நாத்தம் வந்தா அதுதான் நடந்திருக்கு. அப்ப தீனிய நிறுத்துங்க, ஏர் பம்பை முழுசா ஓட விடுங்க, மோட்டார் இல்லைன்னா மக்கால மோந்து உயரத்துலருந்து ஊத்திக்கிட்டே இருங்க, கால்வாசித் தண்ணிய மாத்துங்க. குழாய்த் தண்ணி நேரா ஊத்தறதா இருந்தா மீன் கடைல கிடைக்கிற ஆன்டி குளோரின் போட்டுட்டுத்தான் ஊத்தணும்.

பிஹெச், அதாவது தண்ணியோட அமில காரத் தன்மை, அந்தக் கணக்கும் இதுலயே வருது. பகல் பூரா பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சறதால காலைல 7.5 இருந்த பிஹெச் சாயங்காலம் 9ஐத் தாண்டிப் போகலாம். 30 டிகிரி தண்ணில பிஹெச் 7 இருக்கும்போது மீன் கழிவுலருந்து வர்ற அம்மோனியால நூத்துல ஒரு பங்குக்கும் கீழதான் மீனுக்கு விஷமான வடிவத்துல இருக்கும், 9 ஆச்சுன்னா கிட்டத்தட்ட பாதி விஷம். காலைல டெஸ்ட் பண்ணேன் எல்லாம் நார்மல், ஆனா மீன் சாகுதுன்னு சொல்றவங்க சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

தண்ணி தெளிவு, ஆனா பச்சை முடி மாதிரி கொத்துக்கொத்தா வளருது

நூல் பாசி. தொட்டுப் பாருங்க, வழவழன்னு கைய விட்டு நழுவினா ஸ்பைரோகைரா, சொரசொரன்னு நனைஞ்ச பஞ்சு மாதிரி இருந்தா கிளடோஃபோரா, கொசுவலை மாதிரி கண்ணு கண்ணா இருந்தா வலைப் பாசி. மூணுக்குமே கைதான் மருந்து. யூவி லைட் இதுக்கு சுத்தமா உதவாது, இது கல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, குழாய்க்குள்ள வந்தாத்தானே அடிபடும்.

எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. சொரசொரப்பா இருக்கற மூங்கில் குச்சி, இல்ல பழைய பாட்டில் பிரஷ், கொத்துக்கு நடுவுல விட்டு ஒரே பக்கமா மெதுவா சுத்துங்க. நூல் எல்லாம் குச்சில சேந்து கயிறு மாதிரி முறுக்கிக்கும், அப்புறம் மெல்ல இழுத்தா வேர்ப் பக்கத்துலருந்து மொத்தமா வரும். வெடுக்குன்னு இழுத்தா துண்டு துண்டா அறுந்து, ஒவ்வொரு துண்டும் தனியா வளரும். அல்லிக் குருத்து உள்ள மாட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாத்துட்டு இழுங்க. எடுத்ததை உடனே குப்பைல போடாம குளத்து ஓரத்துல தண்ணி வழிஞ்சு உள்ள போற மாதிரி ஒரு மணி நேரம் வைங்க, உள்ள இருக்கற நத்தை, தலைப்பிரட்டை, தட்டான் புழு எல்லாம் நெளிஞ்சு திரும்பத் தண்ணிக்குப் போயிடும். தட்டான் புழு கொசுப் புழுவைத் திங்கறது, அதை விட்டுடக் கூடாது. அப்புறம் அந்தப் பாசிய செடிக்கு அடியில போடுங்க, நல்ல உரம், உங்க குளத்துலருந்து எடுத்த நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அது. அள்ளி வெளிய போடற ஒவ்வொரு கை பாசியும் தண்ணிலருந்து சத்தைக் குறைக்குது, உள்ளயே மருந்து போட்டுக் கொன்னா அதே சத்து கரைஞ்சு அடுத்த பாசிக்குப் போகுது. என்னைக் கேட்டா குளம் வச்சிருக்கவங்க கத்துக்க வேண்டிய முதல் வேலையே இந்தக் குச்சி சுத்தறதுதான்.

சுவர்ல குட்டையா வெல்வெட் மாதிரி பச்சைப் படலம் இருக்குன்னா அதை விட்டுடுங்க, அது ஆரோக்கியமான குளம்.

போர் தண்ணி ஊத்தற தொட்டில ஒண்ணு வரும், பாக்க செடி மாதிரியே இருக்கும், தொட்டா சுண்ணாம்பு பூசின மாதிரி நொறுங்கும், நசுக்கினா பூண்டு நாத்தம் அடிக்கும். கேரா பாசி. அது இருந்தா தண்ணி தெளிவாத்தான் இருக்கும், ரொம்ப அடைச்சா மட்டும் பாதிய அள்ளுங்க.

மேல பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி, இல்ல அடியிலருந்து கருப்புத் தோல் மாதிரி மேல வருது

இது ரெண்டுமே நீலப்பச்சைப் பாசி, உண்மைல பாக்டீரியா வகை, சயனோபாக்டீரியான்னு பேரு. நம்ம ஊர் கோயில் குளம் பலதுல பச்சை ஆடை கட்டி மிதக்கறது பெரும்பாலும் இதுல ஒரு வகையான மைக்ரோசிஸ்டிஸ். கருப்பா வழவழன்னு தோல் மாதிரி இருக்கறது ஆசிலடோரியா, தரையில பாய் மாதிரி படிஞ்சிருந்து மத்தியானம் வெயில்ல குமிழி சேந்து பிய்ஞ்சு மேல மிதக்கும், சேத்து நாத்தம் அடிக்கும்.

சந்தேகமா இருந்தா கையுறை போட்டுக்கிட்டு ஒரு ஜாம் பாட்டில்ல முக்கால்வாசி மோந்து மூடி, ஃபிரிட்ஜ்ல ராத்திரி பூரா ஆட்டாம வைங்க, சாப்பாட்டுப் பக்கத்துல வேண்டாம். காலைல பச்சை அடியில தங்கியிருந்தா சாதாரணப் பாசி, மேல வளையமா மிதந்தா நீலப்பச்சையா இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுல சில வகை விஷம் சுரக்கும். 2014 ஆகஸ்ட்ல அமெரிக்கால டொலிடோன்னு ஒரு ஊர்ல ஏரித் தண்ணில இந்த மைக்ரோசிஸ்டின் விஷம் கலந்து, நாலஞ்சு லட்சம் பேரைக் குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு சொல்லி நிறுத்தி வச்சாங்க, கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது. வீட்டுத் தொட்டில அந்த அளவுக்கு பயம் வேண்டாம், ஆனா நாய், மாடு, கோழி அந்தத் தண்ணிய குடிக்க விடாதீங்க, குழந்தைங்க கை விட்டு விளையாட வேண்டாம், கீரைக்கும் காய்க்கும் ஊத்த வேண்டாம். மேல மிதக்கறதை பழைய துணி வலையால அள்ளி மண்ணுல புதைங்க. அடித் தோலை டியூப் வச்சு உறிஞ்சி எடுங்க. அப்புறம் தண்ணிய அசைய விடுங்க, தேங்கின சூடான தண்ணிதான் இதுக்குப் பிடிக்கும். பாஸ்பேட்டை நிறுத்தறது இங்க ரொம்ப முக்கியம், இதுல சில வகை காத்துலருந்தே நைட்ரஜனை எடுத்துக்கும், அதனால பாஸ்பரஸ் ஒண்ணு கிடைச்சாலே போதும் பெருகிடும்.

மத்தியானம் செங்கல் சிவப்புல ஏடு, சாயங்காலம் பச்சையாயிடுது

பாத்தா பயமா இருக்கும், ரத்தம் மாதிரி. இது யூக்ளினாங்கற ஒரு செல் உயிர் வகை. வெயில் ஏறினா சிவப்பு நிறமியை மேல கொண்டு வந்து தன்னைக் காப்பாத்திக்கும், வெயில் தாழ்ந்தா உள்ள இழுத்துக்கும், அதான் கலர் மாறுது. சாணி, இலைக் குப்பை, தீனி அதிகமான குளத்துலதான் வரும். பழைய நியூஸ் பேப்பரை மேல விரிச்சு இழுத்தா ஏடு ஒட்டிக்கிட்டு வரும், அப்புறம் அடியில இருக்கற சேத்தைக் குறைங்க.

பழுப்பு

புதுக் குளம், சுவரும் கல்லும் பழுப்புத் தூசி படிஞ்ச மாதிரி, விரலால தேய்ச்சா வந்துரும்னா டயட்டம்ங்கற பழுப்பு நுண்பாசி, ஒரு மாசம் ரெண்டு மாசத்துல தானா போயிடும். டிக்காஷன் கலர் தெளிவான தண்ணின்னா மாவிலை, பாதாம் இலை விழுந்து சாறு இறங்கியிருக்கு, இலையை அள்ளினா போதும். கலங்கல்னா மீன் மண்ணைக் கிளறுது, கல் பரப்புங்க.

குட்டிக் குட்டி பச்சை இலையா மேல மூடிடுச்சுன்னா அது பாசி இல்ல, டக்வீடோ அசோலாவோதான், ரெண்டும் மிதக்கற செடி. வலைல அள்ளி கோழிக்குப் போடுங்க. பாதி மட்டும் விட்டு வச்சா நிழலுக்கு நல்லது, முழுசா மூடினா கீழ ஆக்சிஜன் போயிடும்.

என்னத்த ஊத்தலாம்னு இன்னும் கேக்கறவங்களுக்கு

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியக் கொல்லும், உண்மைதான். ஆனா உப்பு கம்மியான தண்ணில, குறிப்பா மழைத்தண்ணி சேந்த தொட்டில, பாசியக் கொல்ற அளவே மீனையும் கொல்லும், நத்தை ஒண்ணு மிஞ்சாது, தாமிரம் சேத்துல தங்கிடும். பிளீச்சிங் பவுடர் மீன் இருக்கற தண்ணிக்கு கிட்டயே கொண்டு போகாதீங்க. படிகாரம் கலங்கலை அடியில இறக்கும், பிஹெச்சையும் இறக்கும். தேத்தாங்கொட்டை மண் கலங்கலுக்கு அருமையானது, பாசிய ஒழிக்கும்னு எதிர்பாக்காதீங்க. வெளிநாட்டு வீடியோல பார்லி வைக்கோல் கட்டு போடறாங்கன்னு பாத்துட்டு இங்க நெல் வைக்கோலை போடறாங்க, நம்ம வெயிலுக்கு அது ஒரு வாரத்துல அழுகி ஆக்சிஜனைத் தின்னுடும். சக்கர் ஃபிஷ் வேண்டவே வேண்டாம், நூல் பாசிய அது ஒழிக்காது, பெருசானா மத்த மீனோட உடம்புல ஒட்டி வழவழப்பை உறிஞ்சும், அப்புறம் பாவம்னு கொண்டு போய் ஏரில விடுவாங்க, அங்க வலை போடற மீனவங்களுக்கு அது பெரிய தொல்லையா ஆயிடுச்சு. வெங்காயத்தாமரையும் அப்படித்தான், அதிகமானதை மக்க வைங்க, வாய்க்கால்ல வீசாதீங்க.

எல்லாம் பண்ணியாச்சு, திரும்பத் திரும்ப வருது

அப்ப ஊத்தற தண்ணியவே பாருங்க. செப்டிக் டேங்க் பக்கத்துல போர் இருந்தா நைட்ரேட் அதுலயே வரலாம், குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதைத் தாண்டின போர் நம்ம ஊர்ல நிறைய இருக்கு. மீன் கடைல நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் கிட் கிடைக்கும், குளத்துத் தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க. வெயில்ல ஆவியாகறது சுத்தத் தண்ணி மட்டும்தான், உப்பும் சத்தும் உள்ளயே தங்குது, நாம மேல மேல ஊத்தி இன்னும் சேக்கறோம். அதனால குறைஞ்சதை நிரப்பினா மட்டும் போதாது, வாரம் ஒரு தடவை பத்துல ஒரு பங்கு தண்ணிய அடியிலருந்து டியூப்ல இழுத்து செடிக்கு விட்டுட்டு அப்புறம் நிரப்புங்க. மாடித் தண்ணி, சட்டி கழுவின உரத் தண்ணி வழிஞ்சு குளத்துக்குள்ள வருதான்னு மழை பெய்யும்போது ஒரு தடவை குடை பிடிச்சு நின்னு பாருங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாய்ல காட்டிக் கழுவாம, குளத்துத் தண்ணியவே பக்கெட்ல எடுத்து அதுல பிழிஞ்சு கழுவுங்க, குளோரின் பட்டா அதுல இருக்கற பாக்டீரியா போயிடும், திரும்ப வளர நாலு வாரம் ஆறு வாரம் ஆகும், அந்த இடைவெளிலதான் பாசி மறுபடி கிளம்பும். ஒரே நாள்ல நாலு மாத்தம் பண்ணாதீங்க, ஒண்ணு பண்ணிட்டு ரெண்டு வாரம் விட்டு கைய முக்கிப் பாருங்க, உள்ளங்கை தெரியற ஆழம் முன்னைக்கு கூடியிருக்கான்னு.